ஓங்கிய கையும் வளரும் கையும்: முந்துதாக்குதல், தடுப்புப் போர், இடையில் உள்ள கோடு

கேள்வி: எதிரி நாடு நம்மைத் தாக்கப் போகிறது என்று தெரிந்த பிறகு முதல் அடியை நாம் அடிப்பது தற்காப்புதானே? அதிலே ‘முந்துதாக்குதல்’ சரி, ‘தடுப்புப் போர்’ தவறு என்று பிரிப்பது வெறும் வக்கீல் வாதம் இல்லையா?

பதில்:

வக்கீல் வாதம் போலத் தெரிவதற்குக் காரணம் உண்டு. போரைத் தொடங்கும் அரசு எதுவும், தான் நடத்துவது தடுப்புப் போர் என்று வாய் திறந்து சொல்வதில்லை. எல்லாமே முந்துதாக்குதல் என்ற சீட்டு ஒட்டித்தான் வெளியே வருகிறது. 2002 செப்டம்பரில் அமெரிக்கா வெளியிட்ட தேசியப் பாதுகாப்பு உத்தி அந்தச் சொல்லில்தான் பேசியது. ஆறு மாதத்தில் இராக் போர் வந்தது. உக்ரைனுக்குள் படை அனுப்பிய விளாதிமிர் புதின், 2022 மே 9 வெற்றி நாள் உரையில், வரவிருந்த ஆக்கிரமிப்பை முந்திக்கொண்டு முறியடித்ததாகச் சொன்னார். 2025 ஜூன் 13 அன்று ஈரானைத் தாக்கிய இஸ்ரேலும் அதே சொல்லைத்தான் எடுத்தது. சீட்டு ஒன்று என்பதால் சரக்கும் ஒன்று என்று ஆகிவிடாது.

முந்துதாக்குதல் என்றால், எதிரி தாக்குவது என்று முடிவெடுத்துவிட்டான், அவன் படை அதற்கான வேலையில் இறங்கிவிட்டது, அடி விழ மணிக்கணக்கோ சில நாட்களோதான் பாக்கி. போர் எப்படியும் வரும். முதல் அடி யாருடையது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. தடுப்புப் போரில் நிலைமை வேறு. அங்கே போர் வரும் என்பதே நிச்சயமில்லை. எதிரியின் பலம் கூடிக்கொண்டு போகிறது. இன்று மோதினால் நாம் ஜெயிப்போம், பத்து ஆண்டு கழித்து மோதினால் சந்தேகம். ஆகவே இன்றே முடித்துவிடலாம் என்பது கணக்கு. ஓங்கிய கையைப் பிடிப்பது ஒன்று. வளரும் கையை வெட்டுவது வேறு.

பலர் இந்த வேறுபாட்டைக் காலத்தின் வேறுபாடாக மட்டும் பார்க்கிறார்கள்: சில மணி நேரம் என்றால் இது, சில ஆண்டுகள் என்றால் அது. என் பார்வையில் அதைவிட முக்கியம், எந்த வகை ஆதாரத்தை நம்பி முடிவெடுக்கிறோம் என்பது. முந்துதாக்குதலுக்குத் தேவை, எதிரி இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறான் என்ற தகவல். செயற்கைக்கோளும் ஒட்டுக்கேட்பும் உளவாளியும் அதைச் சொல்ல முடியும். தவறாகவும் சொல்லலாம், ஆனால் சரிபார்க்க வழி உண்டு. தடுப்புப் போருக்குத் தேவை, இன்னும் பல ஆண்டு கழித்து அந்த நாட்டில் ஆட்சியில் இருக்கப் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற ஊகம். எந்தச் செயற்கைக்கோளும் அதைப் படம் பிடிக்காது. இரண்டும் தவறிப்போகிற விதமும் அதனாலேயே வேறு வேறு.

சட்டத்தில் இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1837 இறுதியில் கனடாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தவர்கள் நயாகரா ஆற்றில் உள்ள நேவி தீவில் தங்கியிருந்தார்கள். அமெரிக்கக் கரையிலிருந்து அவர்களுக்கு ஆளும் பொருளும் கொண்டுபோனது கரோலின் என்ற நீராவிப் படகு. டிசம்பர் 29 இரவு பிரிட்டிஷ் படையினர் ஆற்றைக் கடந்து, அமெரிக்க எல்லைக்குள் நின்றிருந்த அந்தப் படகைப் பிடித்து, தீ வைத்து, அருவியை நோக்கி மிதக்கவிட்டார்கள். அமெரிக்கர் ஒருவர் இறந்தார். தற்காப்பு என்றது பிரிட்டன். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் 1841இல் எழுதிய கடிதத்தில் ஓர் அளவுகோல் வைத்தார்: தேவை உடனடியானதாக, தவிர்க்க முடியாததாக, வேறு வழி எதையும் விட்டுவைக்காததாக, யோசிக்கவும் நேரம் தராததாக இருக்க வேண்டும், அப்படி இருந்தாலும் செய்த செயல் தேவைக்கு மிஞ்சியிருக்கக் கூடாது. உடனடித்தன்மை, தேவை, அளவு என்று இன்றும் எண்ணப்படும் மூன்றும் அங்கிருந்து வந்தவைதான். இதில் ஒரு வேடிக்கை: நாட்டுக்கு நாடு நடத்தும் முந்துதாக்குதலுக்கு மேற்கோள் காட்டப்படும் இந்த வழக்கு, ஏற்கெனவே சண்டையில் இறங்கிவிட்ட ஒரு கிளர்ச்சிக் குழுவைப் பற்றியது.

1946இல், நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பாயம் இதே அளவுகோலைக் கையில் எடுத்தது. 1940 ஏப்ரலில் நார்வேயைப் பிடித்ததற்கு ஜெர்மனி சொன்ன சமாதானம், நேச நாடுகள் அங்கே இறங்கவிருந்தன, நாங்கள் முந்திக்கொண்டோம் என்பது. நேச நாடுகளிடம் அப்படி ஒரு திட்டம் இருந்ததும் உண்மை. ஆனால் தீர்ப்பாயம், ஜெர்மனி தன் திட்டத்தைப் போட்டபோது அதன் கையில் என்ன தகவல் இருந்தது என்று கேட்டது. உடனடியாக நடக்கவிருந்த தரையிறக்கத்தை முறியடிக்கப் போட்ட திட்டமல்ல அது, அதிகபட்சம் என்றோ ஒரு நாள் நடக்கக்கூடிய ஆக்கிரமிப்பைத் தடுக்கப் போட்டது என்று ஆவணங்களைக் காட்டி வாதத்தைத் தள்ளியது. இந்த விவாதத்தில் படிக்க ஒரே ஒரு பத்தி கேட்டால் நான் காட்டுவது அதைத்தான். எதிரியிடம் திட்டம் இருந்ததா என்பது போதாது; தாக்கியவர் அதைத் தெரிந்து, அதற்குப் பதிலாகத்தான் தாக்கினாரா என்பது கேள்வி.

மறுபுறம், ஜப்பான் தலைவர்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயம். 1941 டிசம்பர் 8 அன்று, நெதர்லாந்தின் கிழக்கிந்தியப் பகுதிகளை (இன்றைய இந்தோனேசியா) ஜப்பான் தொடுவதற்கு முன்பே நெதர்லாந்து போர் அறிவித்துவிட்டது. எனவே அதன் மீது நாங்கள் நடத்தியது ஆக்கிரமிப்பு அல்ல என்று ஜப்பான் தரப்பு வாதிட்டது. எடுபடவில்லை. தாக்குதல் நெருங்கிவிட்டதை அறிந்து நெதர்லாந்து எடுத்தது தற்காப்பு நடவடிக்கையே என்றது தீர்ப்பாயம்.

ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவோ ஆயுதத் தாக்குதல் ‘நடந்தால்’ தற்காப்பு உரிமை உண்டு என்கிறது. அடி விழுந்த பிறகுதான் என்று கறாராகப் படிப்பவர்கள் ஒரு பக்கம். சாசனத்துக்கு முன்பே இருந்த வழக்காற்று உரிமை அப்படியே நீடிக்கிறது, நெருங்கிவிட்ட தாக்குதலுக்கும் அது பொருந்தும் என்பவர்கள் மறுபக்கம். நிகரகுவா வழக்கில் 1986இல் சர்வதேச நீதிமன்றம் இந்தக் கேள்வியைத் தொடாமலே நகர்ந்தது. 2004இல் ஐ.நா. பொதுச் செயலர் அமைத்த உயர்மட்டக் குழு நடைமுறைக்கு ஒத்த ஒரு முடிவைச் சொன்னது: தாக்குதல் நெருங்கிவிட்டது, வேறு வழியில்லை, பதில் அளவோடு இருக்கிறது என்றால் ஒரு நாடு தானே செயல்படலாம். தூரத்து அபாயம் என்றால் ஆதாரத்தோடு பாதுகாப்புக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். அமைதிக்கான அச்சுறுத்தல் என்று கண்டால் படைபலத்தை அனுமதிக்கும் அதிகாரம் சாசனத்தின் 7ஆம் அத்தியாயப்படி கவுன்சிலுக்கு உண்டு. ஆகவே தடுப்பு நடவடிக்கையே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அதைத் தனி ஒரு நாடு முடிவு செய்யக் கூடாது என்கிறது. கவுன்சிலில் வீட்டோ இருக்கும்போது இது ஏட்டுச் சுரைக்காய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தக் குறை உண்மையானது.

‘நெருங்கிவிட்டது’ என்பதைக் களத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எல்லையில் டாங்கிகள் நிற்பது பெரிய அடையாளம் இல்லை. பயிற்சிக்கும் டாங்கி வரும், மிரட்டலுக்கும் வரும். பயிற்சிக்குத் தேவைப்படாத, போருக்கு மட்டும் தேவைப்படுகிற பொருட்களைத்தான் தேடுவார்கள்: கள மருத்துவமனை, ரத்தக் கையிருப்பு, உண்மையான வெடிமருந்து கிடங்கிலிருந்து பிரிவுகளுக்குப் போவது, ஆறு கடக்கும் பாலக் கருவிகள், எரிபொருள் வண்டிகள், விடுப்பு ரத்து, விமானங்கள் வெவ்வேறு தளங்களுக்குப் பிரிவது, சட்டென வானொலி அமைதி, தூதரகக் குடும்பங்கள் ஊரைக் காலி செய்வது. 1973 அக்டோபர் முதல் வாரத்தில் எகிப்திலும் சிரியாவிலும் இருந்த சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் விமானம் ஏறின. மறுநாளோ அதற்கடுத்த நாளோ போர். 2022 ஜனவரி இறுதியில் உக்ரைன் எல்லைக்கு ரஷ்யா ரத்தம் கொண்டுசேர்க்கிறது என்ற செய்தி வந்தது. ரத்தம் கெட்டுப்போகும் பொருள். அதை மிரட்டலுக்காக மாதக்கணக்கில் சுமக்க மாட்டார்கள்.

சுத்தமான முந்துதாக்குதலுக்கு எல்லாரும் காட்டுவது 1967 இஸ்ரேல்–எகிப்துப் போர். மே நடுவில் எகிப்து அதிபர் நாசர் சினாயில் இருந்த ஐ.நா. படையை வெளியேறச் சொன்னார், ஏறக்குறைய 1,00,000 துருப்புகளைச் சினாயில் குவித்தார், திரான் நீரிணையை இஸ்ரேல் கப்பல்களுக்கு மூடினார். மே 30 அன்று ஜோர்டானும் எகிப்தோடு கைகோத்தது. ஜூன் 5 காலை 7:45க்கு, எகிப்து விமானங்கள் விடியற்காலைச் சுற்றை முடித்துக் கீழே இறங்கிய பிறகு, அதிகாரிகள் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, இஸ்ரேல் அடித்தது. சொந்த வானைக் காக்க ஒரு டஜன் விமானங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி அனைத்தையும் அனுப்பிவிட்டது. முதலில் ஓடுதளங்களில் பள்ளம்; பிறகு எழும்ப முடியாமல் வரிசையாக நின்ற விமானங்கள். அன்று மாலைக்குள் எகிப்து 300 விமானங்கள் அளவுக்கு இழந்திருந்தது.

இதுவே கிட்டப் போய்ப் பார்த்தால் அவ்வளவு சுத்தமில்லை. எகிப்துதான் முதலில் நகர்ந்தது என்று இஸ்ரேல் ஆரம்பத்தில் பாதுகாப்புக் கவுன்சிலில் சொன்னது. முந்துதாக்குதல் வாதத்தையே அது எடுக்கவில்லை. எகிப்தின் படைக்குவிப்பு நாசர் உண்மையில் தாக்கவிருந்தார் என்பதற்கு நிரூபணமல்ல என்று 1982இல் பிரதமர் மெனகெம் பெகினே ஓர் உரையில் சொன்னார். அப்படியானால் ஏன் காத்திருக்க முடியவில்லை? இஸ்ரேலின் படை பெரும்பாலும் ரிசர்வ் வீரர்களால் ஆனது. அவர்களை அழைத்தால் தொழிற்சாலையும் பேருந்தும் வயலும் நின்றுபோகும். எகிப்தின் நிரந்தரப் படை சினாயில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம். இஸ்ரேலால் சில வாரங்களுக்கு மேல் முடியாது. எதிரி சுடாமலே, காத்திருக்க வைத்தே நெருக்க முடியும் என்பது முந்துதாக்குதல் பற்றிய சட்டப் பேச்சுகளில் அநேகமாக வருவதில்லை. ஆனால் அமைச்சரவையை முடிவுக்குத் தள்ளியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆறு ஆண்டு கழித்து அதே நாடு மறுபக்கம் முடிவெடுத்தது. 1973 அக்டோபர் 6 காலை, போர் அன்றே வரும் என்று உறுதியான தகவல் வந்தது. தலைமைத் தளபதி டேவிட் எலாசர் வான்படையை அனுப்ப அனுமதி கேட்டார். பிரதமர் கோல்டா மேயர் மறுத்தார்: முதலில் நாம் அடித்தால் அமெரிக்கா நமக்கு உதவாது. மாலை என்று எதிர்பார்த்த தாக்குதல் பிற்பகல் 2 மணிக்கே வந்தது. இஸ்ரேல் 2,500க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அந்த விலைக்குக் கிடைத்தது, அக்டோபர் 14 முதல் வந்திறங்கிய அமெரிக்க ஆயுத விமானங்கள். முதல் அடியின் ராணுவ லாபத்தையும் அரசியல் நஷ்டத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1967ஐ அப்படியே நகல் எடுக்கப் பார்த்தது பாகிஸ்தான். 1971 டிசம்பர் 3 மாலை, இந்தியாவின் மேற்குப் பகுதி விமானத் தளங்கள் மீது அதன் வான்படை குண்டு வீசியது. பதான்கோட், அமிர்தசரஸ், ஸ்ரீநகர் எனப் பல தளங்கள்; ஒவ்வொன்றுக்கும் விமானம் சொற்பம். எகிப்தின் கதியைப் பார்த்துப் பாடம் கற்ற இந்தியா விமானங்களைக் கான்கிரீட் கூடங்களுக்குள் வைத்திருந்தது, பல தளங்களுக்குப் பிரித்தும் வைத்திருந்தது. ஓடுதளங்களில் விழுந்த பள்ளங்கள் சில மணி நேரத்தில் நிரவப்பட்டன. ராணுவ லாபம் கிட்டத்தட்ட இல்லை. ‘முதலில் அடித்தது பாகிஸ்தான்’ என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. 13 நாளில் டாக்காவில் சரணடைதல். முதல் அடிக்கு ஆசை காட்டுவது எதிரியின் படை பலவீனமாக, ஒரே இடத்தில், மூடியில்லாமல் நிற்பதுதான். அதை மாற்றிவிட்டால் ஆசையும் போய்விடும்.

முந்துதாக்குதல் தவறிப்போவது பெரும்பாலும் தகவலைத் தவறாக வாசிப்பதால். 1983 செப்டம்பர் 26 நள்ளிரவு தாண்டிய நேரம், மாஸ்கோவுக்குத் தெற்கே இருந்த கண்காணிப்பு மையத்தில் அமெரிக்காவிலிருந்து ஏவுகணை ஒன்று கிளம்பியதாகத் திரை காட்டியது. பிறகு இன்னும் நான்கு. பணியில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் அதைப் போலி எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். போர் தொடங்குபவன் ஐந்தோடு நிறுத்த மாட்டான், தரை ராடாரும் எதையும் காட்டவில்லை என்பது அவர் கணக்கு. உயர மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை நெருப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. இங்கே ஆபத்து யாருடைய கெட்ட எண்ணத்திலும் இல்லை. நான் தாக்குவேன் என்று அவன் பயப்படுகிறான். அந்தப் பயத்தில் அவன் தாக்குவானோ என்று நான் பயப்படுகிறேன். இந்தச் சுழலை உடைக்கத்தான் நீர்மூழ்கி ஏவுகணைகள், 1963இல் போடப்பட்ட வாஷிங்டன்–மாஸ்கோ நேரடி இணைப்பு எல்லாம். முதல் அடியைத் தாங்கிக்கொண்டு திருப்பி அடிக்க முடியும் என்று நம்புகிறவனுக்கு அவசரம் இல்லை.

இவ்வளவு பேசினாலும், உண்மையான முந்துதாக்குதல் போர்கள் அரிது. 1816 முதல் நடந்த நாடுகளுக்கு இடையிலான போர்களை அலசிய அரசியல் அறிஞர் டான் ரைட்டர் 1995இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றைத்தான் அந்த வகையில் சேர்த்தார்: முதல் உலகப் போர், 1950இல் கொரியாவில் சீனா தலையிட்டது, 1967. இந்த எண்ணிக்கையோடு யாரும் மல்லுக்கட்டலாம். 1914ஐயே எடுத்துக்கொண்டால், ஜெர்மனியை உந்தியதில் பாதி தடுப்புப் போர்க் கணக்கு: ரஷ்யாவின் படை விரிவாக்கம் 1917இல் முடிந்துவிடும், அதற்குள் மோதுவதே நல்லது என்று தளபதி மோல்ட்கே முன்பிருந்தே சொல்லிவந்தார். கோடை நெருக்கடியில், படை திரட்டும் ரயில் கால அட்டவணைகள் மீதியைச் செய்தன. இரண்டு வகையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதுதான் வழக்கம்.

தடுப்புப் போரின் வேர் ஒரு நியாயமான பயத்தில்தான் இருக்கிறது. இன்று பலவீனமாக இருக்கிற எதிரி ‘நான் வளர்ந்த பிறகு உன்னைத் தொட மாட்டேன்’ என்று சத்தியம் செய்தாலும், வளர்ந்த பிறகு அவனைக் கட்டிப்போட எதுவும் இல்லை. சத்தியம் செய்தவரே ஆட்சியில் இருப்பார் என்பதும் இல்லை. ஸ்பார்ட்டாவைப் போருக்குத் தள்ளியது ஏதென்ஸின் வளர்ச்சி தந்த அச்சம் என்று பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியது இதைத்தான். ஆகவே தடுப்புப் போரைப் பேசுகிறவர்கள் எல்லாம் போர்வெறியர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பிரச்சினை, அந்தப் பயம் கணிப்பாக மாறும் இடத்தில்.

அமெரிக்கா இந்தக் கணிப்பைப் போட்டுவிட்டுச் செயல்படாமல் நின்ற சந்தர்ப்பங்கள் அதிகம் பேசப்படுவதில்லை. சோவியத் யூனியன் 1949இல் அணுகுண்டு சோதித்த அடுத்த ஆண்டு, கடற்படைச் செயலர் பிரான்சிஸ் மாத்யூஸ் பாஸ்டன் நகரில் தடுப்புப் போரை ஆதரித்துப் பேசினார். ட்ரூமன் அரசு அதைப் பகிரங்கமாக மறுத்தது. வான்படைப் போர்க் கல்லூரித் தலைவர் ஆர்வில் ஆண்டர்சன் அதே தொனியில் பேசிப் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டார். பிறகு சீனா. மாவோவின் கையில் குண்டு வந்தால் என்ன ஆகும் என்ற கவலையில் கென்னடி 1963இல் மாஸ்கோவின் மனதை நாடிப் பார்க்கச் சொன்னார். 1964 செப்டம்பரில் ஜான்சன் அரசு, தூண்டுதல் இல்லாமல் தனியாகச் சீன அணுமையங்களைத் தாக்குவதில்லை என்று முடிவு செய்தது. அக்டோபர் 16 அன்று சீனா குண்டைச் சோதித்தது. 1972 பிப்ரவரியில் நிக்சன் பெய்ஜிங்கில் மாவோவோடு கைகுலுக்கினார். கட்டுக்கடங்காத எதிரி என்று கணிக்கப்பட்ட அரசு, எட்டே ஆண்டில் சோவியத்துக்கு எதிரான கூட்டாளி. கணித்தவர்கள் முட்டாள்கள் அல்ல. எட்டு ஆண்டு என்பது உலக அரசியலில் கணிக்க முடியாத தூரம்.

தாக்கிய சந்தர்ப்பங்களுக்கு வருவோம். 1981 ஜூன் 7 அன்று இஸ்ரேலின் எட்டு எஃப்-16 விமானங்கள், பாக்தாத் அருகே பிரான்ஸ் கட்டிக்கொடுத்த ஒசிராக் அணு உலையை இடித்தன. பாதுகாப்புக் கவுன்சில் அமெரிக்க வாக்கோடு சேர்த்து ஒருமனதாக, 487ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. உலை போனது. ஆனால் சதாம் உசேனின் திட்டம் தரைக்கடியில் மறைந்து, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ரகசிய யுரேனியச் செறிவூட்டல் (குண்டுக்கு ஏற்ற யுரேனியத்தின் பங்கைக் கூட்டும்) திட்டமாகப் பெருத்தது. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு போன ஆய்வாளர்கள் அதன் அளவைக் கண்டு திகைத்தார்கள். 2007 செப்டம்பர் 6 அன்று சிரியாவின் அல்-கிபாரில் இஸ்ரேல் இடித்த உலையோ மறுபடி எழும்பவில்லை. ஒன்று பலித்து மற்றது பலிக்காததற்குக் காரணம் குண்டின் குறி அல்ல. சிரியாவுக்கு அந்தத் தொழில்நுட்பம் சொந்தமில்லை. வெளியிலிருந்து வந்ததைக் கட்டிக்கொண்டிருந்தது. இராக்கில் சொந்த விஞ்ஞானிகள் இருந்தார்கள். கட்டடத்தை இடிக்கலாம், கற்றதை இடிக்க முடியாது. அதனால் ஒரு தடுப்புத் தாக்குதல் பற்றிய செய்தி வந்தால், முதலில் அந்த நாட்டின் அறிவு சொந்தமா இறக்குமதியா என்று பாருங்கள்.

2003 இராக் போர் இதன் முற்றிய வடிவம். இராக்கிடம் ரசாயன, உயிரியல் ஆயுதங்கள் கையிருப்பில் உண்டு, அணு ஆயுதத் திட்டம் மறுபடி உயிர் பெறுகிறது என்பது வாதம். 2002 நவம்பரில் ஐ.நா. ஆய்வாளர்கள் திரும்பப் போயிருந்தார்கள். அவர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் இன்னும் சில மாதங்கள் கேட்டார். மார்ச்சில் அவர்களை வெளியேற்றிவிட்டுப் போர் தொடங்கியது. போர் முடிந்து தேடிய இராக் ஆய்வுக் குழு 2004இல் கையிருப்பு எதுவும் இல்லை என்றது. வழக்கமாக இதை உளவுத்துறைத் தோல்வி என்று மட்டும் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மை. ஆயுதம் இருந்திருந்தாலும், அதை அமெரிக்கா மீது பயன்படுத்தப் போகிறார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் முன்வைக்கப்படவில்லை. திறன் பற்றிய ஆதாரத்தை எண்ணம் பற்றிய ஆதாரமாக விற்றதுதான் ஆரம்பப் பிழை. அடுத்தது, ஆட்சியை வீழ்த்திய பிறகான செலவு கணக்கிலேயே இல்லை. ஏறக்குறைய 4,500 அமெரிக்க வீரர்களும் அதைவிடப் பல மடங்கு இராக்கியரும் இறந்தார்கள்.

2025 ஈரான் விவகாரத்தில் ஒரு தொழில்நுட்பக் குழப்பம் அடிக்கடி வருகிறது. ‘சில வாரங்களில் குண்டு’ என்று யாராவது சொன்னால், எதுவரைக்கும் சில வாரங்கள் என்று கேட்க வேண்டும். ஒரு குண்டுக்குப் போதுமான 90 சதவீதச் செறிவு யுரேனியத்தைத் தயாரிக்க ஆகும் காலம் ஒன்று. அதை உலோகமாக்கி, வெடிப்பு அமைப்பு செய்து, ஏவுகணைத் தலையில் பொருத்தி முடிக்க ஆகும் காலம் வேறு. அது பல மாதங்கள், ஏன் அதற்கு மேலும் ஆகலாம். தாக்குதலுக்கு முன் ஈரானிடம் 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் 400 கிலோவுக்கு மேல் இருந்ததாகச் சர்வதேச அணுசக்தி முகமை சொல்லியிருந்தது. 60க்கு வந்துவிட்டால் செறிவூட்டும் உழைப்பில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. முதல் கடிகாரம் உண்மையிலேயே குறுகியிருந்தது. ஆனால் ஆயுதம் கட்டும் முடிவை ஈரான் எடுக்கவில்லை என்பதே அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்க உளவுத்துறை நாடாளுமன்றத்தில் சொன்ன மதிப்பீடு. ஆகவே இது முந்துதாக்குதல் வரம்புக்குள் வராது என்பது என் முடிவு; தடுப்புத் தாக்குதல் என்று பெயர் சொல்லி வாதாடியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும். ஜூன் 22 அன்று அமெரிக்கா ஈரானின் போர்டோ, நடான்ஸ் அணுத் தளங்களில் தலா 13,600 கிலோ எடையுள்ள 14 குண்டுகளைப் போட்டது. அடுத்த மாதமே ஈரான் அணுசக்தி முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்தியது. இடித்தவனுக்கே அதன் பிறகு உள்ளே என்ன மிச்சம் என்று பார்க்கக் கண்ணில்லாமல் போனது, இந்த வகைத் தாக்குதலின் வழக்கமான பக்கவிளைவு.

கோடு உண்மையிலேயே மங்கும் இடம் ஒன்று உண்டு: ஆயுதக் குழுக்கள். அவர்களுக்கு எல்லையில் குவிக்க டாங்கி கிடையாது. கள மருத்துவமனை கிடையாது. பேருந்து ஏறி வந்துவிடுவார்கள். பிரிட்டிஷ் சட்ட ஆலோசகராக இருந்த டேனியல் பெத்லஹேம் 2012இல் இதற்கென்று சில அளவுகோல்களை எழுதினார்: அபாயம் எவ்வளவு கிட்டத்தில், தாக்கும் வாய்ப்பு எவ்வளவு, இது தொடரும் தாக்குதல்களின் ஒரு கண்ணியா, வரக்கூடிய சேதம் எவ்வளவு, இப்போது விட்டால் மறுபடி தடுக்க வாய்ப்பு வருமா. பிரிட்டன் 2017இல் இதை வெளிப்படையாக ஏற்றது. 2019இல் புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் கொல்லப்பட்ட பிறகு பாலகோட்டைத் தாக்கிய இந்தியா, இன்னொரு தற்கொலைத் தாக்குதல் வரவிருந்தது என்று சொல்லி, அதை ‘ராணுவம் சாராத முந்துநடவடிக்கை’ என்று வர்ணித்தது. குறி பாகிஸ்தான் ராணுவம் அல்ல என்று காட்டுவதற்கு. தொடர் தாக்குதல் உண்டு என்பதால் இந்த வாதத்துக்கு வலு இருக்கிறது. பலவீனம் எங்கே என்றால், அடுத்த தாக்குதல் பற்றிய ஆதாரம் எப்போதும் ரகசியம். வெளியே யாரும் சரிபார்க்க முடியாது. ‘கடைசி வாய்ப்பு’ என்ற அளவுகோலும் வழுக்கல். சுரங்கம் தோண்டுகிறான், இன்னும் ஆறு மாதத்தில் குண்டு எட்டாது என்றால் அது கடைசி வாய்ப்புதான். ஆனால் அது நம் வாய்ப்பு மூடுவதைச் சொல்கிறது, அவன் தாக்குதல் நெருங்குவதைச் சொல்லவில்லை. இந்த இரண்டையும் குழப்பித்தான் தடுப்புப் போர் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது.

அடுத்த முறை ஓர் அரசு ‘முந்திக்கொண்டோம்’ என்று அறிவித்தால், நான் பார்க்கும் வரிசை இது. எதிரி செய்த குறிப்பிட்ட ஒரு செயலைச் சொல்கிறார்களா, இல்லை ஒரு போக்கைச் சொல்கிறார்களா? எண்ணத்துக்குத் தனி ஆதாரம் உண்டா? அடித்த இடம் எது? வரவிருந்த தாக்குதலைச் செய்யவிருந்த படையா, ஏவுதளமா, அல்லது ஆராய்ச்சிக்கூடமும் விஞ்ஞானிகளும் ஆட்சித் தலைமையுமா? விஞ்ஞானி நாளை காலை நம் மீது குண்டு போடப் போவதில்லை. குறியே உள்நோக்கத்தைக் காட்டிவிடும். திட்டம் எப்போது போட்டது? நியூரம்பெர்க் கேட்ட கேள்விதான்; பல மாதங்களாக ஒத்திகை பார்த்த தாக்குதலுக்கு நேற்று வந்த தகவல் காரணமாக இருக்க முடியாது. ஒத்திகை மட்டும் குற்றமில்லை, எல்லா ராணுவமும் செய்யும். தேதியை முன்பே குறித்திருந்தால்தான் சிக்கல்.

கடைசியாக, கடிதத்தைத் தேடிப் படியுங்கள். 51ஆம் பிரிவின்படி தற்காப்பில் இறங்கிய நாடு உடனே பாதுகாப்புக் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதங்கள் பொதுவில் கிடைக்கும். செய்தியாளர் கூட்டத்தில் பேசுவதும் அங்கே எழுதுவதும் பல சமயம் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் எழுதுகிறவர்கள் சட்ட அதிகாரிகள். 2025 ஜூன் இறுதியில் அமெரிக்கா அனுப்பிய கடிதம் கூட்டுத் தற்காப்பு உரிமையை, அதாவது இஸ்ரேலின் தற்காப்புக்குத் துணை நின்றதை, காரணமாகக் காட்டியது. தன் மீது ஈரான் நாளையே குண்டு போடும் என்று நிரூபிக்க வேண்டிய சுமையை அந்த வாதம் அமெரிக்காவின் தோளிலிருந்து இறக்கி, ஜூன் 13 அன்று இஸ்ரேல் தொடங்கியது தற்காப்பா என்ற கேள்வியின் மேல் வைத்துவிடுகிறது.